நெருக்கமான சமையலறையில் அலமாரியும் மேடையும் கூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய சமையலறைக்காரர்கள் பெரும்பாலும் "இன்னும் நாலு அலமாரி வேண்டும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேசிக்கொண்டே போனால் உண்மையான குறை வேறாக இருக்கும்: ஒரு தட்டை வைத்துவிட்டுத் திரும்ப மேடையில் இடம் இல்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் குறையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. அலமாரி கூட்டுவது மேடையைக் காலி செய்வதற்காக. மேடையையும் நடைவழியையும் தின்னும் அலமாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

முதலில் எதைக் கூட்டுவது, அலமாரியையா மேடையையா?

மேடையை. ஆனால் அதற்கான வழி பெரும்பாலும் அலமாரி வழியாகத்தான் போகிறது. இப்போது எழுந்து போய் உங்கள் மேடையைப் பாருங்கள். மிக்ஸி, கெட்டில், டப்பாக்கள், பாத்திரம் வடியும் கூடை, கழற்றி வைத்த கைக்கடிகாரம், யாரோ விட்டுச் சென்ற சார்ஜர். இவற்றில் தினமும் கை படுவது எது? அது மேடையில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எடுப்பது கதவுக்குப் பின்னால் போகட்டும். எப்போதாவது எடுப்பது பரணுக்கோ வேறு அறைக்கோ போகட்டும்.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் தச்சரை அழைத்தால், சுவரில் எத்தனை பெட்டி கொள்ளுமோ அத்தனை பெட்டியை அவர் வரைந்து தருவார். அவர் மேல் தவறில்லை. நீங்கள் கேட்டது அதுதான்.

அலமாரி போட்டால் நடக்க இடம் இருக்குமா? எவ்வளவு விட வேண்டும்?

ஒருவர் சமைக்கும் அறையில் மேடைக்கும் எதிரில் உள்ளதற்கும் இடையே சுமார் 107 செ.மீ., இருவர் சேர்ந்து சமைத்தால் சுமார் 122 செ.மீ. இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் தேசிய சமையலறை, குளியலறைச் சங்கத்தின் பரிந்துரை. நெருக்கமான அறையில் இது கிடைக்காது. 90 செ.மீ. வரை குறைத்துச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் கீழ் அலமாரியைத் திறந்துவிட்டுக் குனியும்போது முதுகு எதிர்ச் சுவரில் இடிக்கும்.

காகிதத்தில் வரும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். புதிய அலமாரி வரப்போகும் இடத்தில் அதே அளவுக்கு அட்டைப் பெட்டிகளை அடுக்குங்கள். இல்லாவிட்டால் தரையில் ஒட்டுநாடாவால் கோடு போடுங்கள். சில நாள் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சமைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குத் திரும்பும் அந்த ஒரு அசைவில் முழங்கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். அட்டைப் பெட்டி இடிபட்டு நகர்ந்தால் அங்கே அலமாரி வரக் கூடாது. அட்டை நகரும், பிளைவுட் நகராது.

மேடை எங்கே, எவ்வளவு இருந்தால் போதும்?

அதே சங்கம் மொத்தம் 4 மீட்டர் நீள மேடை வேண்டும் என்கிறது. சிறிய அறைக்கு அது கனவு. ஆனால் அதன் மற்ற சில அளவுகள் சிறிய அறையில்தான் அதிகம் உதவும்: அடுப்பின் ஒரு பக்கம் 30 செ.மீ., மறு பக்கம் 38 செ.மீ.; தொட்டியின் ஒரு பக்கம் 60 செ.மீ., மறு பக்கம் 45 செ.மீ.; குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடிப் பக்கம் 38 செ.மீ.; தொட்டியை ஒட்டி, நறுக்குவதற்கு உடையாமல் 90 செ.மீ. இவை ஒன்றின் மேல் ஒன்று படியலாம். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே 90 செ.மீ. இருந்துவிட்டால் பாதிக் கணக்கு தீர்ந்தது.

நெருக்கமான அறைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, இருக்கும் இடத்தைத் துண்டு துண்டாக்குவது. தொட்டியை மேடையின் நட்டநடுவில் வைப்பார்கள். அடுப்பு ஒரு ஓரம், மிக்ஸி மறு ஓரம். கூட்டிப் பார்த்தால் ஒரு மீட்டர் மேடை இருக்கும். வெட்டுப் பலகை வைக்கத் துண்டு இடம் இருக்காது. மேடையைப் புதிதாகப் போடும் வாய்ப்பு இருந்தால் தொட்டியை ஓரத்துக்குத் தள்ளுவதே மிகப் பெரிய லாபம். வாய்ப்பு இல்லையென்றால் வடிகூடையைச் சுவரில், தொட்டிக்கு நேர் மேலே மாட்டுங்கள். தண்ணீர் தொட்டியிலேயே சொட்டும். மேடையில் சுமார் 45 செ.மீ. திரும்பக் கிடைக்கும்.

சுவரே மிச்சம் இல்லை. மேடை எங்கிருந்து வரும்?

பல இடங்களிலிருந்து வரும்.

தொட்டியின் வாயை மூடும் பலகை முதலாவது. தொட்டி விளிம்பில் சறுக்காமல் உட்காரும்படி அடியில் இரண்டு சட்டம் அடித்த, 2 செ.மீ. கனமுள்ள மரப் பலகை போதும். நறுக்கும் நேரத்தில் தொட்டி பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. ஒரு மூலையில் கை நுழையும் அளவு துளை விட்டால் கழிவை நேராகக் கீழே வைத்த கிண்ணத்தில் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, இழுப்பறைக்கு மேலே ஒளிந்திருக்கும் இழுபலகை. மேடைக் கல்லுக்கும் முதல் இழுப்பறைக்கும் நடுவே 3 செ.மீ. உயரம் கிடைத்தால் அதற்குள் ஒரு பலகை போகும். இழுத்தால் 45 செ.மீ. ஆழத்துக்கு இன்னொரு மேடை. சாதாரண மேடையைவிட அது சற்றுத் தாழ்வாக இருப்பதால் மாவு பிசையவும் உட்கார்ந்து வேலை செய்யவும் வசதியாகவே இருக்கும்.

மூன்றாவது, ஜன்னல். ஜன்னலின் அடிவிளிம்பு மேடை மட்டத்திலேயே இருந்தால் கல்லை அந்தக் குழிவுக்குள் நீட்டிவிடுங்கள். சுவரின் கனம் முழுவதும் மேடை ஆழமாகிவிடும். டப்பாக்கள் அங்கே பின்வாங்கும். ஜன்னல் உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் இதை மறந்துவிடுங்கள்.

நான்காவது, சக்கரம் வைத்த தள்ளுமேசை. மேடை உயரத்துக்கே இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சக்கரங்களில் பூட்டு இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் நுழைந்து நிற்க ஓர் இடம் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். அந்த இடம் இல்லாமல் வாங்கிய தள்ளுமேசை நடைவழியின் நடுவே நிரந்தரமாக நின்றுவிடும்.

அடுப்பின் மேல் பலகை போட்டு மூடும் வழக்கத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறாத அடுப்பின் மேலும், தவறுதலாகக் குமிழ் திரும்பிய மின்அடுப்பின் மேலும் அது தீப்பிடிக்கும் பொருள்.

மடக்கு மேடை பாரம் தாங்குமா?

எதில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 90 × 60 செ.மீ. அளவில் 20 மி.மீ. கிரானைட் எடுத்தால் கல் மட்டுமே ஏறக்குறைய 29 கிலோ. அதைத் தினமும் தூக்கி மடக்க யாருக்கும் மனம் வராது, கை நழுவினால் விரல் போகும். அதே அளவு 18 மி.மீ. பிளைவுட் சுமார் 6 கிலோ. மேலே லேமினேட் ஒட்டி, விளிம்பை அடைத்துவிட்டால் போதும்.

சுவரோடு முழு நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தைத் திருகி, அதில் கீல்களைப் பொருத்த வேண்டும். கீழே தானாகப் பூட்டிக்கொள்ளும் மடக்குத் தாங்கி இரண்டு. தாங்கியின் கை, பலகையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது எட்ட வேண்டும். எழுதியிருக்கும் எடைத் திறனை முழுவதும் நம்பாமல் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் யாராவது ஒருநாள் அதன் விளிம்பில் கை ஊன்றி எழுந்திருப்பார்கள். நறுக்க, பரிமாற, மடிக்கணினி வைக்க மடக்கு மேடை நல்லது. அதிரும் அரவை எந்திரத்துக்கும் கொதிக்கும் பாத்திரத்துக்கும் நிலையான மேடைதான்.

சுவர் அலமாரியை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஆழத்தில் போடுவது?

மேடைக்கு மேலே 45 முதல் 60 செ.மீ. இடைவெளி. மேடையில் நிற்கும் உயரமான சாதனத்தை அளந்து, அதன் மூடியைத் திறக்கவும் இடம் விட்டு முடிவு செய்யுங்கள். அடுப்புக்கு மேலே இந்தக் கணக்கு செல்லாது. வெப்பம் தாங்கும் உறையால் மூடாத மரமோ பலகையோ அடுப்பு மட்டத்திலிருந்து குறைந்தது 76 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். புகைபோக்கி மாட்டினால் அதன் கையேடு சொல்லும் உயரமே இறுதி. இடம் நெருக்கடி என்பதற்காக இந்த ஒரு எண்ணில் பேரம் பேசக் கூடாது.

ஆழத்தில் பலர் ஏமாறுவார்கள். "30 செ.மீ. அலமாரி" என்று சொல்லிச் செய்யும்போது கதவையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். சேர்த்து என்றால் கதவு 18 மி.மீ., பின்பலகை 6 மி.மீ. கழித்து உள்ளே 27.6 செ.மீ. தான் மிஞ்சும். உங்கள் சாப்பாட்டுத் தட்டு 28 செ.மீ. என்றால் கதவு மூடாது. பெரிய தட்டை அளந்து, அதற்கு மேல் ஒரு செ.மீ. உள்ளளவு கேளுங்கள். வெளியளவு 33 முதல் 35 செ.மீ. என்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். மேடை 60 செ.மீ. ஆழம் என்றால் அதற்கு மேல் போக வேண்டாம். குனிந்து நறுக்கும்போது நெற்றிக்கு நேரே கதவின் விளிம்பு வந்து நிற்கும்.

கூரை வரை போடலாமா?

போடுங்கள். அலமாரிக்கு மேலே விடும் அந்த ஒரு சாண் இடைவெளி எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுக்கு பிடிப்பதற்கு மட்டுமே பயன்படும். ஆனால் மேல் வரிசையைத் தனிக் கதவாகப் பிரியுங்கள். முழு உயரத்துக்கு ஒரே கதவு என்றால் கனம் தாங்காமல் கீல் தளர்ந்து தொங்கும். ஆடாமல் நிற்கும் ஏணிப்படி ஒன்றையும் அதை வைக்கும் இடத்தையும் அதே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். ஏணி இல்லாத வீட்டில் மேல் அலமாரி என்பது பொருளை மறப்பதற்கான இடம்.

கீழே கதவு நல்லதா, இழுப்பறை நல்லதா?

பணம் இடம்கொடுத்தால் இழுப்பறை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

60 செ.மீ. ஆழமுள்ள கதவு அலமாரியில் முன்பாதி மட்டுமே உண்மையில் புழக்கத்தில் இருக்கும். பின்பாதியில் உள்ளதை எடுக்க முன்பாதியில் உள்ளதை வெளியே எடுத்து மேடையில் வைக்க வேண்டும். மேடையில்தான் இடம் இல்லையே! முழுவதும் வெளியே வரும் சேனல் (இழுப்பறை ஓடும் உலோகத் தண்டவாளம்) போட்ட இழுப்பறையில் கடைசி டப்பாவும் கண்ணெதிரே வந்து நிற்கும். அதே பெட்டியின் பயன்பாடு கண்கூடாகப் பெருகும்.

செலவைக் கதவின் பளபளப்பில் குறையுங்கள், சேனலில் குறைக்காதீர்கள். பாத்திரங்கள் நிறைந்த அகல இழுப்பறைக்கு ஒரு ஜோடி குறைந்தது 40 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். கடையில் வாங்கும்போது முழுவதும் இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கேயே ஆடுவது வீட்டில் நிச்சயம் ஆடும்.

அடுப்புக்குப் பக்கத்தில் 15 செ.மீ. சந்து இருக்கிறது. அதில் இழுப்பு அலமாரி போடலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியளவு 150 மி.மீ. இரு பக்கமும் 18 மி.மீ. பலகை கழித்தால் 114. பக்கவாட்டு சேனல் இரு பக்கமும் சுமார் 13 மி.மீ. வீதம் தின்றால் 88. இழுப்பறையின் சொந்தச் சுவர்கள் 12 மி.மீ. வீதம் போனால் மிஞ்சுவது 64 மி.மீ. ஆறரை செ.மீ. கூட இல்லை! சிறு மசாலா டப்பா நிற்கும், எண்ணெய்ப் பாட்டில் நிற்காது.

ஆகவே இத்தகைய சந்துக்கு மரப்பெட்டி இழுப்பறை வேண்டாம். அடியில் சேனல் அமைந்த கம்பிச் சட்டம் வாங்கினால் பக்கவாட்டு இழப்பு பெருமளவு குறையும். அதைவிட எளிய வழி, இழுப்பே இல்லாமல் சந்தைத் திறந்து விட்டு, அகலத் தட்டுகள், வெட்டுப் பலகைகள், மூடிகள் ஆகியவற்றை நிமிர்த்திச் செருகுவது. 15 செ.மீ. சந்துக்கு அதுவே சரியான உத்தியோகம்.

மூலை அலமாரி முழுக்க வீணாகிறது. என்ன செய்வது?

சுழலும் தட்டு, கதவோடு வெளியே வரும் வளைதட்டு என்று பல கருவிகள் உண்டு. எல்லாம் வேலை செய்யும். எல்லாமே விலை அதிகம். எல்லாமே மூலையின் கன அளவில் ஒரு பகுதியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும். மிகச் சிறிய அறையில் என் பரிந்துரை வேறு. மூலைச் சுவரின் மறுபக்கம் உணவறையோ கூடமோ என்றால், அந்தச் சுவர் பாரம் தாங்காத இடைச்சுவர்தானா என்பதைப் பொறியாளரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, மூலையை அந்தப் பக்கத்திலிருந்து திறக்கலாம். அது முடியாதென்றால் மூலையை அடைத்துவிட்டு, இரு பக்கமும் நேரான நல்ல இழுப்பறைகள் போடுங்கள். மூலையைக் காப்பாற்றப் போய் இரு பக்க இழுப்பறைகளையும் கெடுத்துக்கொள்வதுதான் பெரிய வீண்.

எதைச் செய்தாலும் மூலையில் இரு பக்கமும் 5 செ.மீ. நிரப்புப் பலகை விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் ஒரு பக்க இழுப்பறை திறக்கும்போது மறு பக்கக் கைப்பிடியில் முட்டி நிற்கும். வேலை முடிந்து கைப்பிடி மாட்டும் நாளில்தான் இது தெரியவரும். அன்று திருத்த வழி இருக்காது.

நீளமான ஒடுங்கிய சமையலறை. எதிர்ச் சுவர் காலியாக இருக்கிறது, ஆனால் ஆழமாக எதுவும் வைக்க முடியாது.

ஆழம் வேண்டாம். 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் தரையிலிருந்து கூரை வரை தட்டுகள் போடுங்கள். டப்பாக்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். ஒன்றின் பின்னால் ஒன்று ஒளியாது. என்ன தீர்ந்தது என்று நின்ற இடத்திலேயே தெரியும். மேடையை அடைத்துக்கொண்டிருந்த டப்பாக் கூட்டம் முழுவதும் அங்கே போய்விடும். இடுப்பு உயரத்தில் ஒரு தட்டை மட்டும் 25 செ.மீ. வரை நீட்டினால் கையில் இருப்பதை ஒரு நிமிடம் வைக்கத் திண்ணை கிடைக்கும். ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சிறு கம்பியோ பட்டையோ அவசியம். தோள் உரசும் வழி அது. கதவு தேவையென்றால் நகரும் கதவு. திறக்கும் கதவு வழியை அடைக்கும்.

ஒடுங்கிய அறையைப் பற்றிப் பேசும்போது 1926ஆம் ஆண்டின் பிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி அந்த நகரின் புதிய குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. அகலம் 2 மீட்டருக்கும் குறைவு, நீளம் சுமார் 3.4 மீட்டர். ரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறை அதற்கு ஒரு முன்மாதிரி. ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து நறுக்க மேடை, கழிவைத் தள்ள அந்த மேடையிலேயே ஒரு திறப்பு, சுவரில் மடங்கி நிற்கும் இஸ்திரிப் பலகை, பெயர் எழுதிய அலுமினியச் சிறு இழுப்பறைகள். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்று விளம்பரங்களில் புதுமை என்று காட்டப்படும் பலவற்றையும் அதில் பார்க்கலாம். இடம் குறைந்தால் ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு வேலை தர வேண்டும் என்பதை அந்தப் பெண்மணி நன்றாக அறிந்திருந்தார்.

எந்தப் பலகையில் செய்வது?

தொட்டிக்கு அடியில் ஒன்று, மற்ற இடங்களில் ஒன்று என்று பிரித்துப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் ஈரம் பட்டால் ஊதும். காய்ந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. தொட்டி அலமாரியின் தரைப்பலகையைக் குனிந்து பார்த்தால் தெரியும்: குழாய் இணைப்பிலிருந்து எப்போதோ சொட்டிய இடத்தில் லேமினேட் மேல்நோக்கிப் புடைத்து, விளிம்பு நாடா வாய் பிளந்து, விரலால் அழுத்தினால் தூள் உதிரும். அங்கே ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், எஃகு, அலுமினியம், பி.வி.சி. பலகை இவற்றில் ஒன்றைப் போடுங்கள். அதற்கு மேல் ஒரு தட்டம் விரித்தால் கசிவு சீக்கிரம் கண்ணில் படும்.

மற்ற இடங்களில் 18 மி.மீ. பிளைவுட் சிறந்தது. பட்ஜெட் இடிக்கிறது என்றால், நான்கு விளிம்பும் சரியாக அடைத்த பார்ட்டிகிள் போர்டும் மேல் அலமாரிகளில் நெடுநாள் உழைக்கும். வெட்டிய விளிம்பை அடைக்காமல் விட்டால் எந்தப் பலகையும் உழைக்காது.

தட்டின் நீளத்தைக் கவனியுங்கள். அதே எடை பரவலாக இருக்க, தாங்கிகளுக்கு இடையிலான தூரம் இரட்டிப்பானால் தட்டின் தொய்வு 8 மடங்கு ஆகும். பலகையின் கனம் இரட்டிப்பானால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். ஆகவே ஒரு மீட்டர் அகலப் பெட்டிக்கு ஆசைப்படாதீர்கள். நடுவே ஒரு நிற்கும் பலகை கொடுத்து இரண்டாக்குங்கள்.

என் சுவர் தாங்குமா?

செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் தாங்கும், திருகு பூச்சைக் கடந்து உள்ளே போயிருந்தால். டைல்ஸும் பூச்சும் சேர்ந்து 3 செ.மீ. இருக்கக்கூடும், 4 செ.மீ. திருகு போட்டால் அது பிடித்துக்கொண்டிருப்பது சுவரையே அல்ல. துளைக் கருவியிலிருந்து வரும் தூளைப் பாருங்கள். செங்கல் சுவரில் சாம்பல் நிறத் தூள் செங்கல் நிறத்துக்கு மாறிய பிறகு இன்னும் 5 செ.மீ. ஆவது உள்ளே போக வேண்டும். உள்ளே பொந்துள்ள கற்கட்டுச் சுவருக்கு, திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் தனி வகை பிளக் உண்டு. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பின்னால் நிற்கும் சட்டங்களைத் தேடி அவற்றில்தான் திருக வேண்டும். சட்டங்கள் பொதுவாக 40 அல்லது 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும்.

துளை போடும் முன் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கண்டறியுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், குழாய் வாய்க்கு நேர் மேலும் கீழும் சந்தேகத்துக்குரிய இடங்கள். பழைய வீடுகளில் கம்பி குறுக்காகவும் போயிருக்கும். கம்பி காட்டும் கருவி மலிவானது. ஒருநாள் வாடகைக்கும் கிடைக்கும்.

எரிவாயு உருளையையும் குளிர்பதனப் பெட்டியையும் அலமாரிக்குள் அடைத்துவிடலாமா?

காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். உருளை அலமாரிக்குள் இருந்தே ஆக வேண்டும் என்றால் தரை மட்டத்தில் வெளிக்காற்றுக்கு வழி வேண்டும், ரெகுலேட்டர் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், எரிவாயு தருபவரின் விதிகளுக்கு அது உட்பட வேண்டும். குளிர்பதனப் பெட்டி பின்னாலும் பக்கவாட்டிலும் வெப்பத்தை வெளியே தள்ளியே குளிர்விக்கிறது. கையேட்டில் உள்ள இடைவெளியை விடாமல் அடைத்தால் மின்கட்டணம் ஏறும், எந்திரத்தின் ஆயுள் குறையும்.

கதவில்லாத திறந்த தட்டுகள் நல்லதா?

தினமும் எடுத்துக் கழுவும் தட்டு, குவளைக்கு நல்லது. மற்றதற்கு வேண்டாம். படத்தில் அழகாகத் தெரிவது படம் எடுப்பதற்காக அடுக்கியது. அடுப்புக்கு அருகில் என்றால் கண்டிப்பாக வேண்டாம். பிசுக்கைத் துடைப்பதே தனி வேலையாகிவிடும்.

மேல் அலமாரி போட்டபின் மேடை இருட்டாகிவிட்டது.

கூரை விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அலமாரியும் நீங்களும் சேர்ந்து மேடையில் நிழல் போடுகிறீர்கள். அலமாரியின் அடியில், சுவரோரமாக இல்லாமல் முன்விளிம்பை ஒட்டி, எல்.இ.டி. பட்டையை ஒட்டுங்கள். முன்னால் ஒரு சிறு மறைப்பு இருந்தால் கண் கூசாது. அலமாரி மாட்டும் முன்பே கம்பிக்கு வழி விட்டிருந்தால் வேலை சுத்தமாக முடியும்.

மேடையின் உயரம் என்ன?

85 முதல் 90 செ.மீ. வழக்கம். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருக்க வேண்டும். இருவர் சமைத்து இருவரும் வெவ்வேறு உயரம் என்றால் அதிகம் சமைப்பவருக்குப் பொருத்துங்கள். குள்ளமானவருக்கு இழுபலகை இருக்கிறது. கீழ் அலமாரியின் அடியில் 10 செ.மீ. உயரம், 7 செ.மீ. ஆழத்துக்குக் கால் நுழைய இடம் விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் உடல் மேடையிலிருந்து விலகி நின்று, இடுப்பு வலிக்கும்.

வாடகை வீடு. சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது.

தரையில் நிற்பதாக வாங்குங்கள்: தள்ளுமேசை, தொட்டி மூடி, மேடைக்கு மேலே பாலம்போல் நிற்கும் எஃகுத் தட்டு, ஒடுங்கிய உயர அலமாரி. கடைசியில் சொன்னதைச் சுவரோடு கட்ட ஒரே ஒரு துளைக்காவது வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாத உயர அலமாரி ஆபத்து. புதிய வீட்டின் சுவர் வேறு அளவில் இருக்கும் என்பதால், ஒரே அகலப் பெட்டிக்குப் பதில் 40 அல்லது 45 செ.மீ. பெட்டிகள் சில வாங்குவது புத்திசாலித்தனம். எப்படியும் இடம் பிடித்துக்கொள்ளும்.

அளவெடுக்கும்போது எதைத் தவறவிடுகிறார்கள்?

சுவர் நேராக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். அகலத்தைத் தரையருகே, மேடை மட்டத்தில், தலைக்கு மேலே என மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை எடுங்கள். மூலையில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். செங்கோணமாக இருக்கும் மூலை அபூர்வம். தரையில் ரசமட்டம் வைத்து, மிக உயர்ந்த இடத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். பெட்டிகளை அங்கிருந்து தொடங்கி, தாழ்ந்த இடத்தில் அடியில் ஆப்பு வைத்து நிமிர்த்தலாம். உயர்ந்த இடத்தில் பெட்டியைச் சீவ நேர்ந்தால் தொல்லை.

பிறகு திறப்பவை எல்லாவற்றையும் திறந்து பார்த்துக் குறியுங்கள்: அறைக் கதவு, ஜன்னல், குளிர்பதனப் பெட்டியின் கதவு, அடுப்போடு சேர்ந்த ஓவனின் கதவு. குளிர்பதனப் பெட்டியின் உள் இழுப்பறை வெளியே வரக் கதவு 90 பாகைக்கு மேல் திறக்க வேண்டியிருக்கலாம். சுவரை ஒட்டி நிறுத்தினால் அது நடக்காது. பிளக் பாயின்ட், தண்ணீர் வால்வு, கழிவுக் குழாயின் அடைப்பு நீக்கும் மூடி ஆகியவை எந்தப் பலகைக்குப் பின்னால் போகின்றன என்பதையும் வரைபடத்தில் எழுதி, அந்த இடங்களில் கழற்றக்கூடிய பின்பலகை வேண்டும் என்று தச்சரிடம் சொல்லிவிடுங்கள்.